சுமைதாங்கி இல்லாத சுமை

கொடைக்கானல் மலைக்கு மோட்டார்ச் சாலை போடப்படுவதற்கு முன்னர், மலைக்கும் பெரியகுளம் சமவெளிக்கும் இடையே பண்டங்கள் மனிதன் தலையிலும் மாட்டின் முதுகிலுமாகவே ஏறின, இறங்கின. அடிவாரத்திலிருந்து ஏறிய அந்தப் பாதைக்கு வெள்ளையர் சூட்டிய பெயரே கூலிப் பாதை என்பது. துரைமார் டோலியிலே அமர்ந்து குளிர்காற்று வாங்கப் போனார்கள். தோள் கொடுத்தவன் வியர்வையிலே குளித்து இறங்கி வந்தான். இன்றோ மேல்மலைச் சிற்றூர்களான பூம்பாறையிலும் மன்னவனூரிலும் கவுஞ்சியிலும் விளையும் பூண்டு, லாரியிலே வடுகபட்டிக்கு வந்து சேர்கிறது. வியாழனும் ஞாயிறும் கூடும் அந்தச் சந்தையை அறியாத பூண்டு வணிகர் தமிழகத்தில் அரியர். 2019ஆம் ஆண்டில் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பண்டத்துக்குப் பட்டயம் கிடைத்தது, மகிழ்ச்சி. நாம் பேச வந்தது சுமந்தவரைப் பற்றி.

தலைச்சுமைக் காலத்திலே தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் அரியதொரு பொதுப்பணி நடந்தது. இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தினார்கள். உயரம், ஏறக்குறைய ஆள் உயரம். சுமையோடு வருபவன் குனிய வேண்டியதில்லை. தலைமேல் இருப்பதை அப்படியே அந்தக் கல்லுக்கு மாற்றிவிட்டு, மூச்சு வாங்கியபின் அப்படியே மீண்டும் தலைக்கு ஏற்றிக் கொள்ளலாம். சுமைதாங்கி என்பது அதன் பெயர். மலைக்கு அப்பால் மலையாளத்தார் அத்தாணி என்பர். களைப்பாக இருந்தால் தரையிலே இறக்கி வைப்பதுதானே, இதற்கொரு கல் எதற்கு என்று கேட்கலாம். இறக்கி வைக்கலாம், ஆனால் மறுபடி தூக்கிவிட இரண்டாம் ஆள் வேண்டும். தன்னந்தனி வழியில் இரண்டாம் ஆளுக்கு எங்கே போவது? இரண்டாம் ஆள் இல்லாத இடத்தில் அந்த ஆளாகவே நின்றது கல்.

வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அக்கல்லை நடுவது பல ஊர்களில் வழக்கமாக இருந்தது. இறந்தவள் சுமையோடு அலைவாள், வழிப்போக்கர் சுமை இறக்க இறக்க அவள் சுமையும் இறங்கும் என்பது நம்பிக்கை. ஆவியை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. அவள் உயிரோடு இருந்த காலத்திலே இடுப்புக் குடத்தை எத்தனை பேர் வாங்கிக் கொண்டார்கள் என்று கேட்கவும் தோன்றுகிறது. ஆனால் ஆவியைத் தள்ளிவிட்டாலும் கல் நிற்கிறது. சுமப்பவருக்கு இளைப்பாற இடம் வேண்டும், அவர் கேட்டு வாங்குகிற வரையில் காத்திராமல் ஊர் அதை முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும் என்ற அறிவு அந்த மூன்று கற்களில் இருக்கிறது.

சாலையிலே இவ்வளவு தெளிவாக இருந்த அந்த அறிவு, வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே நுழையவில்லை.

வீட்டுக்குள்ளே ஒரு கட்டில். பக்கவாதம் கண்டு ஒரு கையும் காலும் விழுந்துவிட்ட மாமனார். அல்லது பெற்ற மகளையே யார் என்று கேட்கும் அளவுக்கு நினைவு தப்பிய தாயார். அல்லது பிறவியிலேயே மூளை முடக்கு வாதத்தால் தானாக உட்கார முடியாத பிள்ளை, அதுவும் இருபது வயதுப் பிள்ளை. அருகே ஒருத்தி. அவளுக்குக் கூலி இல்லை, முறை இல்லை, முறை மாற்ற ஆள் இல்லை. இரவிலே இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகிலே படுக்கைப் புண் வரும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு மணிக்கொருமுறை புரட்டுகிறவள் எப்போது உறங்குவது என்பதை மட்டும் ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை.

கம்பம் பள்ளத்தாக்கிலே இந்தக் காட்சிக்கு இன்னொரு கோணமும் உண்டு. குமுளி வழியாகவும் கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாகவும் விடியுமுன்னே ஜீப்புகள் மலை ஏறுகின்றன. இடுக்கி ஏலத் தோட்டங்களுக்கு நாட்கூலியாகப் போகும் பெண்கள் அவற்றிலே நெருக்கியடித்து அமர்ந்திருக்கிறார்கள். பொழுது சாய்ந்தபின் திரும்புகிறார்கள். வீட்டிலே படுக்கையில் ஒருவர் இருந்தால் என்ன நடக்கும்? கூலியை விட்டுவிட்டு ஒருத்தி வீட்டில் அமர வேண்டும்; அல்லது பள்ளியை விட்டுவிட்டு மகள் அமர வேண்டும்; அல்லது எழுபது வயதுக் கிழவி எண்பது வயதுக் கிழவரைப் பார்த்துக் கொள்ள வேண்டும். மகன் வேலையை விட்டுவிட்டு அமர்ந்தான் என்று கேள்விப்படுவது அருமை. அப்படி ஒருவன் அமர்ந்தால் ஊர் கூடி அவனைப் புகழ்கிறது. மகள் அமர்ந்தால் ஊர் அதைக் கவனிப்பதேயில்லை. அது அவள் வேலைதானே!

இந்திய அரசின் புள்ளியியல் துறை 2024இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஊர் கவனிக்காததைக் கணக்காகக் காட்டியது. வீட்டிலுள்ளோரைப் பராமரிக்கும் பணியில் ஈடுபட்ட பெண் நாளொன்றுக்கு 137 நிமிடம் செலவிட்டாள். ஆண் 75 நிமிடம். கூலியில்லா வீட்டு வேலையில் பெண் 289 நிமிடம். ஆண் 88 நிமிடம். பச்சிளங் குழந்தையைப் பார்ப்பதும் இந்தப் பராமரிப்புக் கணக்கில் அடக்கம், சராசரி என்பதால் படுத்த படுக்கைக்குப் பக்கத்தில் இரவும் பகலும் கிடப்பவளின் முழுக்கதையை இந்த எண் சொல்லிவிடாது. என்றாலும், அது வேலையே அல்ல என்று இனி ஒருவரும் வாதிட முடியாதபடி செய்திருக்கிறது.

வேலை என்று ஒப்புக்கொண்டால் ஓய்வைப் பற்றியும் பேச வேண்டி வரும். அதனால்தான் நெடுங்காலமாக அதற்கு வேறு பெயர்கள் சூட்டினார்கள். பணிவிடை என்றார்கள், பதிபக்தி என்றார்கள், புண்ணியம் என்றார்கள். நளாயினியின் கதையை நம் பாட்டிமார் அறிவார்கள். தொழுநோயால் விரல் அழுகிய கணவன். அவன் உண்டு மிஞ்சிய எச்சிலை உண்டு பணிவிடை செய்யும் மனைவி. தாசி வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டபோது கூடையிலே வைத்துத் தலையிலே சுமந்து போனாளாம். கற்பின் சிகரம் என்று கதாகாலட்சேபக்காரர் உருகினார். கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் கண்ணீர் வடித்தார்கள். அந்தக் கூடையை ஒரு நாழிகை இறக்கி வைத்து அவள் களைப்பாறினாள் என்று கதை சொல்லியிருந்தால், அவள் நளாயினியாக இருந்திருக்க மாட்டாள்! பெண்ணுக்கு அந்தக் கதை தந்த பாடம் ஒன்றே: களைப்பு என்று வாய் திறந்தால் கற்பு போயிற்று.

ஆண்பிள்ளைக்கும் ஒரு கதை உண்டு, நியாயத்துக்காக அதையும் சொல்லிவிடுவோம். கண்ணில்லாத தாய் தந்தையரைக் காவடியிலே சுமந்து திரிந்த சிரவணன். தண்ணீர் மொள்ளப் போன இடத்திலே தசரதன் விட்ட அம்பு பாய்ந்து இறந்தான். தசரதன் செய்தது பாவமா, பெற்றோர் இட்ட சாபம் பலித்ததா என்று பண்டிதர்கள் பக்கம் பக்கமாக ஆராய்ந்தார்கள். பகுத்தறிவோடு படிப்பவர் கண்ணில் படுவது வேறு. இரண்டு பேரின் உயிரும் ஒரே ஒருவன் தோளிலே தொங்கியது; அவன் விழுந்தான், அவர்களும் மாண்டார்கள். அவனுக்கு மாற்றாள் ஒருவன் இல்லை. அப்படி ஒருவன் வேண்டும் என்று அந்தக் கதையிலே யாரும் நினைக்கவும் இல்லை. காய்ச்சலில் விழுந்தால் கட்டிலில் கிடப்பவருக்குக் கஞ்சி ஊற்ற ஆளில்லையே என்று இன்றைக்கு அஞ்சிக் கொண்டிருக்கும் பெண்ணும் அதே நிலையில்தான் இருக்கிறாள்.

ஓய்வு வானத்திலிருந்து விழுந்ததல்ல என்பதைத் தொழிலாளர் வரலாறு காட்டுகிறது. பம்பாய் ஆலைகளிலே வாரம் முழுதும் உழைத்த தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததில்லை. ஜோதிராவ் பூலேயின் தோழரான நாராயண் மேகாஜி லோகண்டே ஆண்டுக்கணக்காகக் கூட்டம் போட்டார், மனு எழுதினார், கையொப்பம் திரட்டினார். 1890ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் ஆலை முதலாளிகள் வார விடுமுறைக்கு இணங்கினார்கள். அடுத்த ஆண்டு, 1891இல், தொழிற்சாலைச் சட்டமும் வார ஓய்வை ஏற்றது. 1923 மே முதல் நாள் சென்னைக் கடற்கரையிலே சிங்காரவேலர் மே நாள் கொண்டாடியபோது, எட்டு மணி நேர வேலை என்ற சொல் தமிழ்த் தொழிலாளியின் சொல்லாகவும் ஆயிற்று. 1947இல் சென்னை மாகாணக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் கடைச் சிப்பந்திக்கு வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு தந்தது. 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஏழு நாளில் ஒரு நாளைத் தோட்டத்துப் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஓய்வு நாளாக வைத்தது.

மில்லுக்கு வந்தது, கடைக்கு வந்தது, தோட்டத்துக்கு வந்தது. படுக்கையருகே வரவில்லை. ஏன்? முதலாளி என்று சுட்டிக்காட்ட அங்கே ஒருவரும் இல்லை. யாரை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்வது? பெற்ற தாயை எதிர்த்தா? அன்பும் உழைப்பும் ஒரே முடிச்சாக இறுகிக் கிடக்கும் இடத்திலே, உழைப்பு மிகுதி என்று சொன்னால் அன்பு குறைவு என்று பொருள் கொள்கிறார்கள். பிறர் கொள்வது இருக்கட்டும், அவளே அப்படித்தான் நினைக்கிறாள். ஒரு மணி நேரம் தங்கை வீட்டுக்குப் போய்வந்தால் குற்றவாளிபோல் திரும்பி வருகிறாள்.

அடக்கிய களைப்பு எங்கே போகும்? இதைச் சொல்ல மனம் கூசுகிறது. எனினும் வரலாறு எழுதுவோர் மறைக்கக் கூடாது. தென்மாவட்டங்களிலே தலைக்கூத்தல் என்றொரு வழக்கம் இருப்பது வெளியுலகுக்குத் தெரிந்து வெகுகாலம் ஆகவில்லை. எழ முடியாமல் கிடக்கும் முதியவருக்கு எண்ணெய் தேய்த்துத் தலைமுழுக்காட்டி, வரும் சாவை விரைவுபடுத்துவது. 2010ஆம் ஆண்டில் விருதுநகர் மாவட்டத்திலே எண்பது வயது முதியவர் ஒருவர், தமக்குத் தலைக்கூத்தல் நடத்தக் குடும்பத்தார் பேசுவதைக் கேட்டுத் தப்பியோடி உறவினரிடம் அடைக்கலம் புகுந்தார் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. கொலை கொலைதான்; வழக்கம் என்று சொல்வதால் அது புனிதமாகிவிடாது. சட்டம் தன் கடமையைச் செய்யட்டும். ஆனால், சீ என்று காறித் துப்பிவிட்டு நகர்ந்தால், அடுத்த வீட்டிலே அதே பேச்சு தொடங்குவதை யார் தடுப்பது? வறுமை, கூலியிழப்பு, மருத்துவத்துக்கு வழியின்மை, மாற்றாள் இன்மை: இவை சேர்ந்து நெருக்கும் இடத்திலே மனிதத் தன்மை தேய்கிறது. அந்த நெருக்கடி மூற்றுமுன் கதவைத் தட்டியிருக்க வேண்டியவர்கள் நாம்.

ஏர்வாடியையும் மறக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலம் குன்றியோரை வைத்திருந்த தனியார் விடுதி ஒன்றின் ஓலைக் கொட்டகையிலே தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக் கொண்டது. அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன. தர்காவில் கொண்டுபோய் விட்டால் பேய் விலகும் என்ற மூடநம்பிக்கையே இதற்குக் காரணம் என்று அன்று பலரும் எழுதினார்கள். பாதி உண்மை அது. மறுபாதியை எண்ணிப் பார்க்க வேண்டும். இரவும் பகலும் கண்ணயராமல் காத்துக் களைத்துப்போன ஒரு குடும்பத்துக்கு, மகனைச் சில நாள் பாதுகாப்பாக விட்டுவிட்டு மூச்சு வாங்க அரசு ஓர் இடம் வைத்திருந்ததா? மூடநம்பிக்கை, அறிவு கைவிட்ட இடத்தில்தான் கடை விரிக்கிறது. சுமைதாங்கி இல்லாத வழியிலே சங்கிலி விற்பவன் வந்து அமர்ந்தான்.

இந்த ஊமைத்துயர் எங்கே பேசத் தொடங்கியது என்று பார்ப்போம்.

அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையிலே 1950களில் வித்யா சாகர் என்ற மருத்துவர் ஒரு புதுமை செய்தார். நோயாளியை உள்ளே தள்ளிக் கதவைப் பூட்டும் வழக்கத்தை விட்டு, வளாகத்திலே கூடாரங்கள் அடித்து நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்க வைத்தார். அவர்களோடு அமர்ந்து பேசினார். 1957இல் நம் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையமும் குடும்பத்தாரை உடன் தங்க வைக்கும் முறையைக் கைக்கொண்டது. உலகத்து மருத்துவ நூல்கள் இந்த முறையைப் பாராட்டி எழுதின. பாராட்டத்தக்கதே. செவிலியர் பற்றாக்குறைக்குக் குடும்பம் இலவசக் கையாயிற்று என்ற குறையும் அதில் உண்டு. ஆயினும் அதற்குள்ளே எதிர்பாராத நன்மை ஒன்று விளைந்தது. நம் வீட்டுக்கு மட்டும் வந்த சாபம் என்று நினைத்து வாய்மூடி இருந்தவர்கள், பக்கத்துக் கூடாரத்திலே அதே துயரைக் கண்டார்கள். கண்டவர்கள் பேசினார்கள்.

இங்கிலாந்திலே மேரி வெப்ஸ்டர் என்ற பெண்மணி, திருச்சபைப் போதகர் வேலையை 1954இல் தம் முப்பத்தொன்றாம் வயதில் விட்டு, முதிய பெற்றோரைப் பார்க்க வீட்டில் அமர்ந்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1963இல், செய்தித்தாள்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். திருமணமாகாத மகள்கள் வேலையையும் வாழ்வையும் இழந்து வீட்டுச் சிறையில் கிடக்கிறார்கள் என்பது அதன் சாரம். அவ்வளவுதான், நாடெங்கிலுமிருந்து கடிதங்கள் குவிந்தன. ஒவ்வொருத்தியும் தான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தாள்! 1965இல் அவர்களுக்கென ஒரு தேசியக் கழகம் அமைந்தது. 1969இல், நாற்பத்தாறு வயதிலேயே வெப்ஸ்டர் மறைந்தார். அவர் தொடங்கிய கிளர்ச்சி 1976இல் பராமரிப்போர்க்கான உதவித்தொகையாகக் கனிந்தது.

கனியிலும் ஒரு புழு. மணமான பெண்ணுக்கு அத்தொகை கிடையாது என்றது சட்டம். மணமானவள் எப்படியும் வீட்டில்தானே இருப்பாள், அவளுக்கு என்ன இழப்பு என்பது அவர்கள் வாதம். நளாயினியை அவர்கள் படித்ததில்லை; ஆயினும் அவள் மாமியாரின் தருக்கம் ஆங்கிலத்திலும் இருந்திருக்கிறது! ஜாக்குலின் டிரேக் என்ற மணமான பெண், தாயைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவர், வழக்குத் தொடுத்தார். 1986 ஜூன் மாதம் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

பணம் ஒரு பக்கம். ஓய்வு? அதற்கும் அங்கே ஒரு வழி பிறந்தது, அதுவும் வேடிக்கையான வாயிலாக. கிராஸ்ரோட்ஸ் என்றொரு தொலைக்காட்சித் தொடர். அதிலே விபத்தில் கால் முடங்கிய பாத்திரம் ஒன்று. ரக்பி நகரத்திலே தாயின் கவனிப்பில் வாழ்ந்த உடல் முடங்கிய இளைஞர் ஒருவர், உண்மை வாழ்வு இப்படியா இருக்கிறது என்று கேட்டார். தொலைக்காட்சி நிறுவனம் 10,000 பவுண்டு கொடுத்தது. 1974இல் ரக்பியிலே ஒரு திட்டம் தொடங்கியது. பயிற்சி பெற்ற உதவியாளர் ஒருவர் வீட்டுக்கே வருவார். பராமரிப்பவர் கேட்கிற நேரத்தில் வருவார். பராமரிப்பவர் செய்வதையெல்லாம் அவர் செய்வார். அந்த நேரம் பராமரிப்பவருடையது. நோயாளி இடம் பெயர வேண்டியதில்லை. நாடு முழுதும் அது பரவியது. ஆள் உயரத்துக்குக் கல் நட்ட நம் முன்னோரின் கணக்கும் இதுவே: சுமை இருக்கும் உயரத்துக்கே தாங்கி வர வேண்டும்.

அவ்வளவு தொலைவு போவானேன்? ஏலத்தோட்ட ஜீப்புகள் ஏறி இறங்கும் மலைக்கு அப்புறம் பார்த்தாலே போதும். 1993இல் கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியை ஒட்டி மருத்துவர்கள் ராஜகோபால், சுரேஷ்குமார் முதலானோர் தொடங்கிய வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சைக் கழகம், சில ஆண்டுகளில் அக்கம்பக்கத்தார் இயக்கமாக வளர்ந்தது. ஓட்டுநரும் ஆசிரியரும் மாணவரும் பயிற்சி பெற்று, வாரத்தில் சில மணி நேரம் படுக்கையருகே செல்லத் தொடங்கினார்கள். 2008இல் கேரள அரசு இந்தியாவிலேயே முதன்முதலாக ஆதரவுச் சிகிச்சைக்கு மாநிலக் கொள்கை வகுத்தது. உள்ளாட்சிகள் வீடு தேடிச் செல்லும் செவிலியரை அமர்த்தின. படுத்த படுக்கையாய் உள்ளோரைப் பார்த்துக் கொள்பவர்க்கென்றே ஆசுவாசகிரணம் என்ற பெயரில் மாதம் 600 ரூபாய் உதவித்தொகையும் அங்கே வகுக்கப்பட்டது. அறுநூறு ரூபாயில் என்ன வரும்? அதிகம் வராது. ஆயினும் நோயாளியின் பெயரில் அல்லாமல் பார்த்துக் கொள்பவரின் பெயரில் ஓர் அரசு பணம் எழுதியது என்பது சிறு செய்தி அன்று.

நம் மாநிலமும் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம், ஆதரவுச் சிகிச்சையையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்தது. 2023 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் மகளிர்க்கான தொகைக்கு உதவி என்று பெயரிடாமல் உரிமை என்று பெயரிட்டது, வீட்டுழைப்பும் உழைப்பே என்ற கருத்தின் வெற்றி. ஒன்றிய அரசின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஊதியம் பெற்றோ பெறாமலோ பராமரிக்கும் பெற்றோரையும் குடும்பத்தாரையும் பராமரிப்பாளர் என்று பெயர் சொல்லியே வரையறுத்தது. அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்கு வாதம் உடையோர்க்காக 1999இல் சட்டம் செய்து அமைத்த தேசிய அறக்கட்டளை, 2015இல் சமர்த் என்ற பெயரில், குடும்பத்தார் சிறிது காலம் இளைப்பாறத் தங்குமிடத் திட்டம் ஒன்றை அறிவித்தது. இவ்வளவும் உண்மை. செவிலியர் வந்து புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டுப் போகிறார், அதுவும் பேருதவி. ஆனால் அவர் போனபின் எஞ்சும் இருபத்துமூன்று மணி நேரத்துக்கும் அதே இரண்டு கைகள்தாம். தங்குமிடத் திட்டமோ பள்ளத்தாக்கின் சிற்றூர்க்காரிக்குக் காகிதத்தில் உள்ள பெயர். அரசு இன்னும் செய்ய வேண்டியது இங்கேதான் இருக்கிறது. ஒன்றியத்துக்கு ஓர் இல்லம், சில நாள் தங்கும் வசதியோடு, பயிற்சி பெற்ற ஆட்களோடு வேண்டும் என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அது வரும் வரையில்? இங்கேதான் மன்றமும் படிப்பகமும் நடத்தும் தோழர்களுக்கு வேலை இருக்கிறது. கூட்டம் போட்டுப் பேசுகிற வேலையைவிட இது கடினம். ஏனெனில் இங்கே நாம் பேசுவதைவிட, பேசாதவரைப் பேச வைக்க வேண்டும். உனக்கு ஓய்வு வேண்டுமா என்று கேட்டால், எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன் என்பதே விடையாக வரும். கேள்வியை மாற்ற வேண்டும். நேற்றிரவு எத்தனை முறை எழுந்தீர்கள் அக்கா? கடைசியாக எப்போது உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்? உங்களுக்கே காய்ச்சல் வந்தால் அன்றைக்கு யார் பார்ப்பார்கள்? மூன்றாவது கேள்விக்கு விடை இல்லாத வீடு, நாம் மீண்டும் போக வேண்டிய வீடு.

உறவினரிடம் கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "அண்ணே, என்னால முடியலே" என்று அழுதால், அண்ணன் வருத்தப்படுவார், ஆறுதல் சொல்வார், பேருந்து ஏறிவிடுவார். "அண்ணே, ரெண்டாவது செவ்வாய்க்கிழமை காலையில எட்டு மணிக்கு வந்து, சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் அம்மாகூட இருக்கணும். மதியச் சாப்பாடு செஞ்சு வெச்சிட்டுப் போறேன். மாத்திரை ஒரு மணிக்கு" என்று சொன்னால் அவர் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லித்தான் ஆக வேண்டும். நாளும் மணியும் வேலையும் குறித்துக் கேட்பதை மறுப்பது கடினம். ஊரைவிட்டு வெளியே இருக்கும் உடன்பிறந்தார் வர முடியாவிட்டால், வருகிறவருக்கு அன்றைய கூலியைத் தரலாமே! சொத்திலே பங்கு கேட்கும்போது நினைவுக்கு வரும் இரத்த உறவு, இதிலும் நினைவுக்கு வரட்டும்.

படுக்கையில் இருப்பவரிடமும் மறைக்கக் கூடாது. உறங்கும்போது நழுவிப் போய்விட்டுத் திரும்பினால், கைவிட்டுவிட்டாள் என்ற அச்சமே மிஞ்சும். முன்னாளிலேயே சொல்ல வேண்டும்; மாற்றாள் முதல் இரண்டு மூன்று முறை அவள் இருக்கும்போதே வந்து பழக வேண்டும்; பிறகு ஒரு மணி நேரம், பிறகு அரை நாள். நினைவு தப்பியவர்க்குப் புதுமுகம் கலவரம் தரும். அங்கே ஒரே ஆள் மாறாமல் வருவதே நன்று. ஒரு தாளிலே எல்லாம் எழுதி அலமாரிக் கதவில் ஒட்ட வேண்டும்: எந்த மாத்திரை எந்த வேளை, எப்படிப் புரட்ட வேண்டும், நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும், படுத்தபடி ஊட்டினால் புரையேறும், எதைக் கண்டால் கோபம் வரும், எந்தப் பாட்டைப் போட்டால் அமைதி வரும், அவசரத்துக்கு 108, உடல்நல அறிவுரைக்கு 104, மனம் தளர்ந்தால் 14416. இத்தனை காலம் அவள் தலைக்குள் மட்டுமே இருந்த இந்த அறிவு தாளுக்கு இறங்கினால்தான், இன்னொருவர் அவள் இடத்தில் அமர முடியும். எழுதத் தெரியாவிட்டால் அவர் சொல்லச் சொல்ல எழுதித் தருவது நம் வேலை.

கிடைத்த ஓய்விலே அவள் என்ன செய்ய வேண்டும் என்று நாம் உபதேசிக்க வேண்டாம். கோயிலுக்குப் போனாலும் போகட்டும், சினிமாவுக்குப் போனாலும் போகட்டும். தனக்கே மருத்துவரிடம் போக வேண்டியதை மூன்றாண்டாகத் தள்ளி வைத்திருப்பாள், அதற்குப் போகலாம். கதவைச் சாத்திக்கொண்டு உறங்கலாம். அந்த நேரத்தில் சேர்ந்துபோன துணியைத் துவைக்காமல் இருந்தால் சரி.

தோழர்களிலே ஆண்கள் மிகுதி. பாட்டிக்குக் கஞ்சி ஊட்டவும் தாத்தாவைப் புரட்டிப் படுக்க வைக்கவும் ஆணுக்குக் கை வராது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆரம்பச் சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் கேட்டால் ஒரு பிற்பகலில் கற்றுக் கொடுப்பார். மன்றத்துக்கு நான்கு பேர் முன்வந்தால் போதும், இருவர் இருவராகப் போகலாம். முன்பின் அறியாத ஒருவர் தனியாக நுழைவதைவிட அது வீட்டாருக்கும் நம்பிக்கை. பெண்ணுக்குப் பணிவிடை என்றால் மகளிர் குழுத் தோழியர் முன்னிற்க வேண்டும். மதத்தையும் சாதியையும் கேட்டுக்கொண்டு எந்த வீட்டுக்குள்ளும் நுழையக் கூடாது. நம்மை நுழையவிடாத வீடும் இருக்கும், அங்கே இன்னொரு முறை போகலாம்.

வடுகபட்டியிலே சந்தை வியாழனும் ஞாயிறும். அந்த இரண்டு நாளும் மூட்டை இறக்கவும் தரம் பிரிக்கவும் ஆள்கள் போய்விடுவார்கள், மாற்றாள் கிடைப்பது அரிது. ஆகவே செவ்வாயில் தொடங்குவது நலம். முதல் மாதம் ஒரு தெரு போதும். எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார், யார் பார்த்துக் கொள்கிறார், அவருக்கு எந்த நேரம் வசதி என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக் கொள்ளுங்கள்.